அறுபத்து மூன்று கூரைகள்

திருவேங்கடம் பேசப் போகிற இடத்தில் இரண்டு பொருள்கள்தான் கேட்பார். ஒரு மேசை, ஒரு டம்ளர் தண்ணீர். மாதுங்கா வட்டார வரலாற்றுக் கழகம் சங்கங்களுக்கு அனுப்புகிற தபால் கார்டிலும் அதுவே எழுதியிருக்கும். ‘உங்கள் பகுதியின் பழைய வரலாற்றை எங்கள் உறுப்பினர் நேரில் வந்து ஒரு மணி நேரம் சொல்வார். கட்டணம் இல்லை. வண்டிச் செலவும் வேண்டாம். ஒரு மேசையும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்.’

கழகம் என்று பெயர்தான் பெரிது. 1940-இல் தொடங்கியபோது உறுப்பினர்கள் ஏழு பேர். எட்டு வருஷம் கழித்தும் ஏழு பேர்தான். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற வேங்கடசுப்ரமணியன் தலைவர். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை மாலை அவர் வீட்டில் கூடிப் பழைய புத்தகங்களைப் படிப்பார்கள், வாதம் செய்வார்கள், காபி குடித்துவிட்டுக் கலைவார்கள். வெளியே போய்ப் பேசியவர் திருவேங்கடம் ஒருவர்தான்.

அவர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் 1899-இல் பிறந்தவர். இருபதாவது வயதில் பம்பாய்க்கு வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு நில அளவை அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்தார். சர்வேயர்கள் வெயிலில் அலைந்து பென்சிலால் படம் போட்டு வருவார்கள். அதன்மேல் மை ஏற்றி, சுத்தமான நகல் எடுத்துத் தருவது டிரேசர் வேலை. கை நடுங்கக் கூடாது, வேகப்படக் கூடாது, தன் யோசனை எதையும் சேர்க்கக் கூடாது. அந்த மூன்றும் திருவேங்கடத்துக்கு இயல்பாகவே இருந்தன. சேர்ந்த நாள் முதல் அன்றாடம் டைரி எழுதினார். எந்த ஷீட், எத்தனை மணி நேரம், என்ன மிச்சம், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒன்றாக அவை டிரங்குப் பெட்டியில் வரிசையாக நின்றன.

அவருடைய பேச்சுக்கு உயிர் ஒரு படம். ஆறடிக்கு நாலரை அடி லாங்கிளாத் துணியில், மாதுங்காவும் சயானும் தாராவியும் 1922-இல் எப்படி இருந்தன என்று, தன் அலுவலகத்து ஷீட்டுகளைப் பார்த்துத் தானே பெரிதாக வரைந்தது. பஜனை சமாஜத்திலோ மாதர் சங்கத்திலோ அதைச் சுவரில் தொங்கவிட்டதும் எல்லோரும் எழுந்து கிட்டே வந்துவிடுவார்கள்.

“எங்க பில்டிங் எங்கே மாமா?”

“இதோ. அப்போ நெல் வயல். உங்காத்துச் சமையலறை இருக்கற இடத்துல ஒரு கிணறு.”

தன் சமையலறைக்கு அடியில் கிணறு இருந்தது என்று கேட்டால் ஏனோ எல்லோருக்கும் சந்தோஷம். செம்பூரில் ஓர் அம்மாள் அதற்காகவே அவரை இரண்டாம் தடவை கூப்பிட்டாள்.

பேச்சு முடிந்ததும் மேசைமேல் ஒரு நோட்டை வைப்பார். அட்டையில் ‘திருத்தங்கள்’ என்று எழுதியிருக்கும். தாம் சொன்னதில் பிழை இருந்தால் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். பிறகு மூன்று நாளுக்குள், பேசியதன் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, கழகத்தின் முத்திரையோடு அந்தச் சங்கத்துக்கு அனுப்பிவிடுவார். எட்டு வருஷத்தில் முப்பத்தெட்டுச் சங்கங்களில் பேசியிருந்தார். நோட்டில் வந்தவை நான்கே திருத்தங்கள். மூன்று, ஆட்களின் இனிஷியல். ஒன்று, ஒரு கோயிலின் கும்பாபிஷேகத் தேதி. படத்தில் பிழை என்று ஒருவரும் எழுதியதில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் நோட்டை மூடும்போது ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வார்.

1948 அக்டோபரில் தாராவியிலிருந்து ஒரு கார்டு வந்தது. கிட்டங்கிச் சந்து தோல் தொழிலாளர் சங்கம், காரியதரிசி கரீம் பாட்சா. நவம்பர் ஏழாம் தேதி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வந்து பேச வேண்டும் என்று கேட்டிருந்தது. தாராவியிலிருந்து கார்டு வந்தது அதுவே முதல் தடவை.

ஏழாம் தேதி அவர் துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சயானில் இறங்கி நடந்தார். கிட்டங்கிச் சந்து என்பது பச்சைத் தோல் அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் போகிற நீளமான சந்து. ஆவாரம்பட்டை ஊறும் வாடை முதலில் வந்தது, சந்து அப்புறம் வந்தது. கரீம் பாட்சா முனையிலேயே நின்றிருந்தார். தோல் பதனிடும் கொட்டடியில் மேஸ்திரி, ஐம்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“வாங்கய்யா, வாங்க. வழி தெரிஞ்சுதா?”

“படத்துல தெரியும்” என்றார் திருவேங்கடம்.

சங்கத்துக் கொட்டகையில் எண்பது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். மேசை இருந்தது. தண்ணீர் டம்ளர் இருக்க வேண்டிய இடத்தில் உடைக்காத கோலி சோடா ஒன்று இருந்தது. அவர் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பேச்சின் நடுவில் உடைத்துக் குடித்தார்.

பேச்சு நன்றாகவே போயிற்று. உப்பளம், மீன்பிடிக்கிறவர்களின் குடியிருப்பு, ரயில் பாதை என்று பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கடைசியில் படத்தின் வடமேற்கு மூலைக்கு வந்தார். அங்கே வெள்ளையாக ஓர் இடம். அதில் மூன்று மூன்று கோடுகளாக ஏழு புல் குறிகள்.

“இப்போ நாம உட்கார்ந்திருக்கற இடம் இதுதான். 1922-ல இங்கே குடியிருப்பு கிடையாது. வெறும் புல்தரை.”

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. நடுவரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்றாள். பட்டறையில் தோல் அலசுகிற வேலை. பெயர் சீனியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டார்.

“சாமி, ஒரு சமுசயம். புல்லுன்னா சொல்லுதீக?”

“ஆமாம்மா.”

“புல்லு கிடந்திருந்தா நாங்க ஆடு வளத்துல்லா பொழச்சிருப்போம்? தோலு அலச எதுக்குப் போறோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். திருவேங்கடமும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“என் மூத்தவன் இந்தச் சந்துலதான் பொறந்தான். ஊரெல்லாம் விசக்காச்சல்ல சாவுது, நா இங்கன பிள்ள பெத்துக்கிட்டுக் கிடக்கேன். அவனுக்கு இப்ப முப்பது வயசு. உங்க படத்துல எங்க வீடு எங்க சாமி?”

“ரெக்கார்டுல இல்லையேம்மா.”

“ரெக்கார்டுல இல்லாட்டி என்ன, நா இருந்தேம்லா?”

அவர் திருத்த நோட்டை மேசைமேல் வைத்தார். சீனியம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவள் நோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு கரீம் பாட்சா விஷயத்தைச் சொன்னார். சந்தில் நூற்றுப்பத்துக் குடும்பங்கள். குழாய் கிடையாது. கால் மைல் தள்ளி மெயின் ரோட்டுக் குழாயில் விடியுமுன் போய் வரிசையில் நின்றால் வீட்டுக்கு இரண்டு குடம் கிடைக்கும். இப்போது வார்டு ஆபீஸில் புதுக் குழாய்களுக்குப் பட்டியல் எடுக்கிறார்கள். 1925-க்கு முன்பிருந்தே குடியிருப்பு என்று எழுத்தில் காட்டுகிற சந்துகளுக்கு முதலில் போடுவார்கள். நவம்பர் முப்பது கடைசி நாள்.

“ரேஷன் கார்டு காட்டினோம். அது நேத்துக் குடுத்ததுங்கான். ஆளைக் காட்டினோம், வாய் வார்த்தை செல்லாதுங்கான். உங்க கழகம் முத்திரை போட்டு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கும்னு மாதுங்காவுல சொன்னாக. அதுக்குத்தான் அய்யா உங்களைக் கூப்பிட்டது. உள்ளதைச் சொல்லிருதேன்.”

“இல்லாததை நான் எப்படி எழுதுவேன்?”

“இல்லாததை எழுதச் சொல்லலய்யா” என்றார் கரீம் பாட்சா. சுருளைத் தானே வாங்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் மாலை திருவேங்கடம் வழக்கம்போல் சுருக்கம் எழுத உட்கார்ந்தார். ‘1922-இல் இப்பகுதியில் குடியிருப்பு இல்லை’ என்ற வரியில் பேனா நின்றது. சரிபார்த்து எழுதுவதற்காகத் துணியைப் பிரித்துச் சுவரில் மாட்டினார். ஏழு புல் குறிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புல்லை எந்த சர்வேயரும் போடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு பெரிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தால் நன்றாக இராதே என்று தாமே போட்ட புல் அது.

அவர்கள் அலுவலகத்தில் டிரேசர்களுக்கு இருபது விதிகள் இருந்தன. ஒன்பதாவது: மண் சுவர், தட்டி, தகரம் இவற்றாலான கூரைகள் நிலையானவை அல்ல, அவற்றுக்கு மை ஏற்ற வேண்டாம், ஷீட்டை முடிக்கும்போது எஞ்சிய பென்சில் குறிகளை அழித்துச் சுத்தம் செய்க.

டிரங்குப் பெட்டியைத் திறந்து 1922-இன் டைரியை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. மார்ச் 14: ‘ஷீட் 27, தாராவி வடமேற்கு மூலை. மை முடிந்தது. கிட்டங்கிகளுக்குப் பின்புறம் பென்சில் கூரைகள் 63. ஒன்பதாம் விதிப்படி அழித்தேன். புது ரப்பர்.’

சாப்பிடக் கூப்பிட வந்த அவர் மனைவி விஜயலக்ஷ்மி அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

“ஏன்னா, என்ன ஆச்சு?”

“அறுபத்து மூணு வீட்டை அழிச்சிருக்கேன்.”

“எப்போ?”

“இருபத்தாறு வருஷம் முன்னாடி. ரப்பரால.”

அவள் டைரியை வாங்கிப் படித்தாள். “அழிச்சதையும் எண்ணி எழுதி வெச்சிருக்கேளே, உங்களை என்னன்னு சொல்றது! ஆத்துல புளி ஜாடி எங்கே இருக்குன்னு முப்பது வருஷமா தெரியாது.” பிறகு மெதுவாக, “எழுதி வெச்சதும் நல்லதாப் போச்சு. அவாளுக்குக் காட்டுங்கோ” என்றாள்.

பதின்மூன்றாம் தேதி இரண்டாம் சனிக்கிழமை. கழகத்தில் டைரியை வைத்து நடந்ததைச் சொன்னார். வேங்கடசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“என்னங்காணும், அறுபத்து மூவர் உற்சவமா?” என்றார். மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, “ஓய், உம்ம டைரி உம்ம சொந்தக் காகிதம். அச்சான ஷீட் சர்க்கார் ரெக்கார்டு. சொந்தக் காகிதத்தை வெச்சு சர்க்கார் ரெக்கார்டு தப்புன்னு கழகம் முத்திரை போட முடியுமா? தவிர, முப்பத்தெட்டு இடத்துல இந்தப் படத்தைக் காட்டியாச்சு. இப்போ தப்புன்னா மீதியை எவன் நம்புவான்?” என்று கேட்டார்.

“தப்புன்னு தெரிஞ்ச பிறகும் காட்டினா மட்டும் நம்பலாமா?”

“நான் வேண்டாம்னு சொல்லலை. முத்திரை இல்லைன்னுதான் சொல்றேன். உம்ம பேர்ல எழுதிக்கும்.”

வேங்கடசுப்ரமணியன் கெட்டவர் அல்ல. தம் உத்தியோக காலம் முழுவதும் முத்திரை இருக்கிற காகிதத்தைத்தான் காகிதம் என்று எண்ணியவர். திருவேங்கடமும் அதுவரை அப்படித்தான் எண்ணியிருந்தார்.

டைரியில் எண் மட்டும் இருந்தது. எந்தக் கூரை எங்கே என்று இல்லை. இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு காலை துணியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கிட்டங்கிச் சந்துக்குப் போனார். கொட்டகையில் பாட்சாவிடமும் சீனியம்மாளிடமும் டைரியைப் பிரித்து வைத்து, அழித்தது தாம்தான் என்று சொன்னார்.

சீனியம்மாள் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள்.

“இதுல எங்க வீடு இருக்கா?”

“அழிச்சதா இருக்கு.”

“அழிச்சாத்தான் என்ன, இருந்ததுன்னு ஆச்சுல்லா” என்றாள். “வாங்க சாமி, காட்டுதேன்.”

சந்தின் தலையிலிருந்து தொடங்கினார்கள். அவளுக்கு வருஷம் தெரியாது. ஆனால் விஷக்காய்ச்சல் தெரியும், செர்மன் சண்டை ஓய்ந்தது தெரியும், மழையில் பெரிய கிட்டங்கியின் சுவர் விழுந்தது தெரியும். சுவர் விழுந்தது 1921 என்று பாட்சா கொட்டடிப் புத்தகத்தில் பார்த்துச் சொன்னார். ஆகவே ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்விதான்: சுவர் விழுந்தபோது இந்த வீடு இருந்ததா?

“இது பிச்சையா வீடு. செவுரு விழுந்தன்னைக்கு இவன் தின்னுக்கிட்டு இருந்த சோத்துல மண்ணு விழுந்துச்சு. அதை இன்னும் சொல்லிக்கிட்டு இருப்பான், கேட்டுப் பாருங்க.”

“இது?”

“இது பொறவு வந்தது. பேராச்சி வீடு. ஏட்டி பேராச்சி, உன் வீட்டுக்கு முன்னால இங்கன என்ன இருந்தது?”

“ஆட்டுக்கொட்டில்லா!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கொட்டில் கூரையா, இல்லையா?” என்று திருவேங்கடம் கேட்டார்.

“நனையாம இருந்துச்சே. அப்ப கூரைதான்.”

அதையும் போட்டுக்கொண்டார். மதியம் ஒரு மணிக்குச் சந்தின் முடிவுக்கு வந்தபோது அறுபத்தொன்று தேறியது. பாட்சா, “இன்னும் ரெண்டுதானே அய்யா, ஏதாச்சும் ரெண்டைச் சேத்துப் போட்டுருங்க. சரியா அறுபத்து மூணு ஆயிரும்” என்றார்.

திருவேங்கடம் தலையசைத்தார். “ஒரு தடவை இஷ்டத்துக்குப் புல்லு போட்டது போதும்.”

அன்று சீனியம்மாள் வீட்டுத் தட்டி நிழலில் உட்கார்ந்தபோது மறுபடியும் கோலி சோடா வந்தது.

“நான் கார்டுல தண்ணின்னுதானே எழுதியிருந்தேன்?” என்றார்.

பாட்சாவும் சீனியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீனியம்மாள்தான் சொன்னாள். “எங்க கையால குடுத்தா குடிப்பீகளோ மாட்டீகளோன்னு இருந்துச்சு. சோடான்னா மூடிக் கிடக்கும்லா. பொறவு... தண்ணியும் அன்னைக்கு வீட்டுல இல்ல.”

அவர் சோடாவைக் குடித்து முடித்தார். அந்த இரண்டில் எது தம்மை அதிகமாகச் சுட்டது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க வேலை செய்தார். ஏழு புல் குறிகளைச் சுரண்டி எடுத்து, அறுபத்தொரு கூரைகளை இடம் பிசகாமல் மையில் போட்டார். ஓரத்தில் எழுதினார்: ‘டைரியில் 63. நேரில் விசாரித்ததில் 61. இரண்டு கூரைகள் எங்கே இருந்தன என்று தெரியவில்லை.’ அதன் சிறிய நகலோடு, கூரைகளை அழித்த டிரேசர் என்று தம் பெயரும் வேலையும் குறிப்பிட்டு ஒரு வாக்குமூலமும், டைரிப் பக்கத்துக்கு ஒரு நகலும் எழுதினார். இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, டைரியையும் எடுத்துக்கொண்டு பாட்சாவோடு வார்டு ஆபீஸுக்குப் போனார்.

குமாஸ்தா படித்துப் பார்த்தான். “நகல் வேண்டாம். அசல் டைரி வேண்டும். புத்தகமாகவே.”

“பார்த்துவிட்டுத் திருப்பித் தருவீர்களா?”

“ஃபைலோடு இருக்கும்.”

பாட்சா அவர் கையைப் பார்த்தார். டிரங்குப் பெட்டியில் இருபத்தொன்பது வருஷம் இடைவெளி இல்லாமல் நின்ற வரிசை அது. திருவேங்கடம் ஒரு நிமிஷம் புத்தகத்தைப் பிடித்தபடியே நின்றார். பிறகு மேசைமேல் வைத்து, “ரசீது கொடுங்கள்” என்றார். ரசீது எண் 417. அதை மடித்துக்கொண்டு போய், பெட்டியில் 1921-க்கும் 1923-க்கும் நடுவில் செருகினார்.

பிறகு முப்பத்தெட்டுக் கார்டுகள் வாங்கினார். பேசிய ஒவ்வொரு சங்கத்துக்கும் எழுதினார்: ‘தங்களிடம் நான் காட்டிய படத்தில் தாராவியின் வடமேற்கு மூலை புல்தரை என்று இருந்தது. அது பிழை. அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. பிழை என்னுடையது.’ பதில் வந்தவை இரண்டே. ஒரு பஜனை சமாஜத்தார் திருத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வைகுண்ட ஏகாதசிக்குப் பிறகு வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். செம்பூர் அம்மாள், தன் சமையலறைக் கிணறு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். இருக்கிறது என்று பதில் எழுதினார். திருத்த நோட்டில் ஐந்தாவது திருத்தத்தைத் தம் கையாலேயே எழுதி, கீழே சீனியம்மாளின் பெயரைப் போட்டார்.

டைரி திரும்பி வரவில்லை. முதல் பட்டியலில் கிட்டங்கிச் சந்தின் பெயர் வந்தது. தோண்டினார்கள், நிறுத்தினார்கள், இரும்புக் குழாய் கையிருப்பில் இல்லை என்றார்கள், மறுபடி தோண்டினார்கள். 1949 செப்டம்பர் பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சந்தின் நடுவில் தண்ணீர் வந்தது. பாட்சா முன்கூட்டியே கார்டு போட்டிருந்ததால் திருவேங்கடம் துணிப் படத்தோடு வந்திருந்தார். அதைப் பிச்சையா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

சீனியம்மாள் முதல் குடத்தை நிரப்பிவிட்டு ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு அவரிடம் வந்தாள். நீட்டலாமா என்று ஒரு கணம் நின்றாள். அவரே கையை நீட்டி வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார்.

“இன்னொரு டம்ளர்” என்றார்.

“நல்ல ஆளு சாமி! வரிசையில நில்லுங்க” என்றாள் அவள். சந்து சிரித்தது.

அப்போது படத்தின் முன்னால் ஒருத்தி சத்தம் போட்டாள். ஆறுமுகத்தாய் என்று பெயர். கல்யாணமாகி, சயானுக்கு அப்பால் சுனாபட்டிக்குப் போய்விட்டவள், குழாய் பார்க்க வந்திருந்தாள். “எங்க அப்பன் வீட்டைக் காணலையே! தண்டவாளத்துப் பக்கம், கழிவு வாய்க்காலுக்கு அந்தால. செவுரு விழுந்தப்ப நா தொட்டில்ல கிடந்தேன்னு எங்கம்மா சொல்லுவா.”

சீனியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஆமா சாமி! வாய்க்காலுக்கு அந்தால இருந்துச்சு. நா அந்தப் பக்கமே போகலையே.”

திருவேங்கடம் ஆறுமுகத்தாய் காட்டிய இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சட்டைப் பையைத் தடவினார். “மை கொண்டுவரலை. இப்போ பென்சில்ல போட்டுட்டுப் போறேன்.”

“பென்சிலா?” என்றாள் சீனியம்மாள். “வேண்டாம் சாமி. உங்க கைக்குப் பென்சில் சரிப்படாது. அழிச்சிருவீக.”

கரீம் பாட்சா கொட்டடிக்குப் போய், தோலுக்கு நம்பர் போடுகிற மையையும் ஒரு குச்சியையும் எடுத்துக்கொண்டு வந்தார். கெட்டியான மை, எத்தனை அலசினாலும் போகாதது. திருவேங்கடம் குச்சியை முக்கி, வாய்க்காலுக்கு அந்தப்புறம் அறுபத்திரண்டாவது கூரையைப் போட்டார். ஓரத்துக் குறிப்பில் 61-ஐ 62 என்றும், இரண்டை ஒன்று என்றும் அடித்து எழுதினார்.

மை சற்றுப் பரவிவிட்டது. அந்தக் கூரை மற்ற எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. ஆறுமுகத்தாய் அதைக் குறையாகச் சொல்லவில்லை.